படைக்குப் பிந்து, மாப்ள!

வா மாப்ள, உக்காரு. எம்மக பிள்ளையத் தூங்கவைக்க மாடிக்குப் போயிருக்கா. அவ முன்னாலன்னா "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை"ன்னு மரியாதை குடுத்தே ஆகணும். அவ இல்லாதப்ப நீ எங்க அக்கா மகன். எம்மடியில ஒண்ணுக்குப் போன பயலுக்கு என்னத்த 'ங்க' போட்டுக்கிட்டு.

அந்த வாசப்படிகிட்ட ஒரு ஜோடி பூட்ஸ் இருக்கே, பச்சை நாடா போட்டது, யாருது? ஒன்னுதா? நான் வந்ததுலருந்து பாக்குறேன், அதுக்கு இன்னும் மண்ணுன்னா என்னன்னே தெரியாது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாத்தேன், கடைக்காரன் ஒட்டுன வெலைச் சீட்டு அப்படியே இருக்கு. இந்த வெலை நம்மூர்க் காசுக்கு எம்புட்டும்மான்னு எம்மகட்டக் கேட்டேன். "வேண்டாம்ப்பா, ஒங்களுக்கு பிரசர் ஏறிரும்"னுட்டா.

கையில கடிகாரம் வேற. நடந்தா எண்ணுது, படுத்தா எண்ணுது. ராத்திரி எம்புட்டு நேரம் தூங்குனோம்னு காலையில எந்திரிச்சு மணிக்கட்டைப் பாத்துத் தெரிஞ்சுக்கிற ஆளை நான் இங்க வந்துதான் கண்டேன். போன்ல ஒரு ஆப்பும் ஏத்தி வச்சிருக்க. சோபாவுல கெடக்குறவனை எழுப்பி, ஒம்பது வாரத்துல அஞ்சு கிலோமீட்டர் ஓட வச்சிருமாமே! இந்த ஊரு சர்க்கார் ஆஸ்பத்திரி இலாகாவே காசில்லாமக் குடுக்குதுன்னு எம்மக சொன்னா. நல்ல காரியம். அதுல ஒரு பொம்பளைக் குரலு "இப்ப ஒரு நிமிசம் ஓடுங்க"ன்னு இங்கிலீசுல சொல்லுது. நீ சோபாவுல சாஞ்சமேனிக்கு "அடுத்த வாரத்துலருந்து"ன்னு தமிழ்ல பதில் சொல்லிக்கிட்டு இருக்க.

வாராவாரம் பார்க்குல சனம் கூடி ஓடுற அந்த அஞ்சு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போகாம இருக்க, சனிக்கெழமை விடிஞ்சா ஒனக்கு ஒரு காரணம் கெடைச்சிருது. மழை. முழங்காலு. பிள்ளை ராத்திரி தூங்கவிடல. ஆபீசுல இருந்து போன் வரும். ஆனா போன வாரம் ஒண்ணு சொன்ன பாரு, அதைக் கேட்டுட்டு நானே அசந்து போயிட்டேன். "மொதல்ல கொஞ்சம் ஓடப் பழகிட்டு, அப்புறம் அந்த பார்க் ரன்னுக்குப் போறேன் மாமா"ன்ன. ஏ அப்பா! அதை ஆரம்பிச்ச மனுசன் கதை தெரிஞ்சா இப்படிப் பேசுவியா?

பால் சின்டன்-ஹியூவிட்டுன்னு பேரு. தென்னாப்பிரிக்காவுல வளந்து இங்க, இங்கிலாந்துக்கு, வந்த ஆளு. நல்ல ஓட்டக்காரரு. 2004-ல கால்ல அடிபட்டு ஓட முடியாமப் போச்சு. அதே சமயத்துல வேலையும் கையைவிட்டுப் போயிருச்சு. கூட ஓடுற சேக்காளிகளப் பாக்கணும்னா ஓடப் போகணும், ஓடவோ முடியாது. என்ன செஞ்சாரு? எல்லாரும் ஓடுங்கப்பா, நான் நின்னு நேரம் குறிக்கேன், முடிஞ்சதும் சேந்து காப்பி குடிப்போம்னாரு. ஆரம்பிச்சது அந்த வருசம் அக்டோபர் 2, சனிக்கெழமை. நமக்கு அன்னைக்குக் காந்தி ஜெயந்தி. இங்க பக்கத்துல இருக்கே புஷி பார்க்கு, அங்கதான். ஓட வந்தது மொத்தமே 13 பேரு. யாரு எத்தனாவதா வந்தாகன்னு தெரியணும்ல? இரும்புக் கடையில வாசர் வாங்கி, அதுல நம்பரை அடிச்சு, வர்ற வரிசைக்கு ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துக்கிட்டு இருந்திருக்காக. போல்ட்டு நட்டுக்கு ஊடால போடுவோமே, அதே வாசருதான்.

ஓட முடியலைங்கிறதைச் சாக்கா வச்சு நீ போர்வையை இழுத்து மூடிக்கிட்ட. அவரு அதே சாக்குல ஊரைக் கூட்டிட்டாரு. ரெண்டு வருசத்துக்கும் மேல இந்த ஒரு பார்க்குலதான் நடந்திருக்கு. 2007-ல விம்பிள்டன் காமன்ல ரெண்டாவது எடம். இப்ப இருபதுக்கு மேல நாட்டுல, 2,000-க்கு மேல எடத்துல நடக்குதாம். இந்த ஒரு பார்க்குல மட்டும் சனிக்கெழமையானா ஆயிரத்துக்கு மேல சனம். சிங்கப்பூர்ல ஒன் சித்தப்பா மகன் இருக்கானே, அவனுக்கும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குல இது இருக்கு, 2014-லருந்து. அங்க வெயிலு ஏறிரும்னு காலையில ஏழரைக்கே கெளப்பி விட்டுருவாக. இங்க ஒம்பது மணி. ஒம்பது மணிக்கு நம்மூர்ல களையெடுக்கப் போனவுக பாதி வேலைய முடிச்சுட்டுக் கஞ்சி குடிக்க உக்காந்திருப்பாக. அந்நேரத்துக்கு எந்திரிக்கிறதுதான் ஒனக்குக் கஷ்டமா இருக்கு.

அந்தப் பார்க்கைப் பத்தியும் சொல்றேன் கேளு. கிங்ஸ்டன் பாலத்தைத் தாண்டுனா ஹாம்ப்டன் விக்கு, அங்கருந்தே உள்ள போக ஒரு வாசல் இருக்கு. ஒன் வீட்டுலருந்து நான் கைப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கிட்டே போயிருவேன். அந்தக் காலத்துல எட்டாம் ஹென்றி ராசா மான் வேட்டையாடுன காடு அது. இப்பவும் மான் கூட்டம் கூட்டமா மேயுது, மனுசனைச் சட்டையே பண்ண மாட்டேங்குது. ரெண்டாவது உலக யுத்தத்துல, 1944-ல, அமெரிக்க ஜெனரல் ஐசனோவரு தன் படைத் தலைமையகத்தை அங்கதான் வச்சிருந்தாரு. பிரான்சு கடக்கரையில போயி எறங்குறதுக்கு அந்தப் பார்க்குல உக்காந்து திட்டம் போட்டு, ஜூன் மாசம் எறங்கியும் முடிச்சிட்டாரு. நீ அந்தப் பார்க்குக்குப் போயி எறங்குறதுக்கே வருசக்கணக்காத் திட்டம் போட்டுக்கிட்டு இருக்க.

போன சனிக்கெழமை நானும் எம்மகளும் போனோம். நடுவுல ஒரு நீரூத்து, அதுக்கு மேல டயானான்னு ஒரு பொம்பளைச் சிலை. ஒங்க இளவரசி டயானா இல்ல, இது அதுக்கும் முந்துன சாமி. அந்தப் பக்கத்துல கூடுறாக. தோல் ஒட்டுன வத்தக் காலோட முன்னால ஒரு பத்து இருபது பேரு, அவுகளப் பாத்துப் பயந்துறாத. அதுக்குப் பின்னால பாரு, தொப்பையும் தொந்தியுமா நம்ம சனம். தள்ளுவண்டியில பிள்ளையப் போட்டுக்கிட்டு ஒரு தகப்பன். கயித்துல நாயோட ஒரு கெழவி, என் வயசுக்குக் கூட இருக்கும். கண்ணு தெரியாத ஒரு ஆளு, கூட ஒருத்தரு கையில ஒரு வாரைப் பிடிச்சுக்கிட்டு வழி சொல்லிக்கிட்டே வர்றாரு. பொறப்படுறதுக்கு முந்தி ஒருத்தரு ஏறி நின்னு நாலு வார்த்தை பேசுறாரு. மானுக்கிட்ட போகாதீக, இது பந்தயம் இல்ல, வந்திருக்கிற வாலண்டியருக்கெல்லாம் ஒரு கைத்தட்டு. வெளியூரு யாராச்சும் உண்டாங்கிறாரு. எம்மக கையைத் தூக்கி என்னையக் காட்டி "இந்தியா"ன்னுட்டா. ஆயிரம் பேரு திரும்பிப் பாத்துக் கைதட்டுறான் மாப்ள! கோவில்பட்டிப் பக்கத்துல நான் பஞ்சாயத்து எலெக்சன்ல நின்னப்பகூட ஒரு பய எனக்குக் கைதட்டல.

அதுக்கப்புறம் நாங்க ஒரு திருப்பத்துல போயி நின்னோம். எம்மகளுக்கு அங்க வழிகாட்டுற வேலை, மார்சல்னு சொல்றாக. பளிச்சுன்னு ஒரு மேல்சட்டை. பேசத் தெரியணும்னு அவசியமில்ல, கையை நீட்டி இந்தப் பக்கம்னு காட்டணும், தட்டணும், அம்புட்டுதான். நானும் அவ பக்கத்துல நின்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசை எடுத்துவிட்டேன். "வெல்டன், வெல்டன்." மூச்சு வாங்குது, மூஞ்சி செவந்து போச்சு, பேச முடியல. அந்த நெலமையிலயும் ஓடிக்கிட்டே "தேங்க்யூ மார்சல்"னு சொல்லிட்டுப் போறாக. ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல, வர்றவுகள்ல முக்காவாசிப் பேரு. ஒன் வீட்டுக்கு வந்து மாசக்கணக்காக் காய் நறுக்கிக் குடுக்கேன், நீ ஒரு தேங்க்யூ சொன்னியா?

இப்ப ஒன் மனசுல உள்ள பயத்துக்கு வருவோம். முழங்காலும் கெடையாது, மழையும் கெடையாது. நாம கடைசியா வந்து, ஆபீசுல எவனுக்காச்சும் தெரிஞ்சு, மானம் போயிருமோங்கிறதுதான் ஒன் சீக்கு. தள்ளுவண்டித் தகப்பன் ஒன்னையத் தாண்டிப் போவானாங்கிற? போவான். அந்தக் கெழவியும் போவா. நாயும் போகும். அதுல ஒனக்கென்ன? நம்ம பெரியவுக என்ன சொல்லி வச்சாக? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. இதுக்குன்னே அளவெடுத்துத் தச்ச சொல்லு மாப்ள. கூட்டம் கெளம்பறப்ப பின்னால போயி நில்லு. முடிஞ்சதும் காப்பிக் கடைக்கு முந்திக்கோ, இல்லாட்டி அந்த வரிசை பார்க்கை விட நீளமா இருக்கும். காப்பி என்னமோ கழனித் தண்ணிதான். வெலையை மட்டும் கேட்காத.

கடைசியா வர்றதும் ஒனக்குக் கெடைக்காதுன்னு வச்சுக்கோ. அந்த எடத்துக்கு அவுக ஏற்கெனவே ஆள் போட்டுட்டாக. டெயில் வாக்கருன்னு ஒருத்தரு. எல்லாருக்கும் பின்னால நடந்து வர்றதுதான் அவரு வேலை. நீ ஆமை வேகத்துல வந்தாலும் அவரு ஒனக்குப் பின்னால நிப்பாரு, ஒன்னைய முந்தவே மாட்டாரு. ஓடவே மாட்டேன், நடக்கத்தான் செய்வேங்கிறவுகளுக்குத் தொணையா நடக்கன்னு 2022-லருந்து வேற ஆள் போடுறாக. ஆரம்பத்துல ஓடுனவுகளோட சராசரி நேரத்தைவிட இப்ப உள்ள சராசரி ரெம்ப மெதுவாப் போச்சாம். நடத்துறவுக அதைப் பெருமையாச் சொல்லிக்கிறாக! மெதுவானவனெல்லாம் வர ஆரம்பிச்சுட்டான்னு அர்த்தமாம். 2024-ல, எந்த பார்க்குல எவன் ரெக்கார்டுங்கிற பட்டியலையே தூக்கிட்டாக. வேகமா ஓடுறவுக கொஞ்சப் பேரு கோவிச்சுக்கிட்டுச் சண்டைக்கு வந்தாக. வரத்தான் செய்வாக. அவுக பாடு அவுகளுக்கு.

காசு கேப்பாகளோன்னு சந்தேகமா? ஒரு பைசா கெடையாது. தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது. நீ காசு குடுத்த பூட்சைப் பாக்குற, காசு கேக்காத பார்க்கைப் பாக்க மாட்டேங்குற. ஆனா இதுலயும் கை வைக்கப் பாத்த ஆளு உண்டு. பிரிஸ்டல் பக்கத்துல ஸ்டோக் கிஃபர்டுன்னு ஒரு ஊரு. அங்க லிட்டில் ஸ்டோக் பார்க்குல இந்த ஓட்டம் நடந்துக்கிட்டு இருந்திருக்கு. 2016-ல அந்த ஊரு பஞ்சாயத்து போர்டு கூடி, இத்தனை சனம் வாராவாரம் ஓடிப் பாதை தேயுது, அதனால ஓடுறவுக காசு கட்டணும்னு ஓட்டுப் போட்டுத் தீர்மானம் போட்டுருச்சு. ஓட்டத்தை நடத்துறவுக, எங்கயும் எப்பவும் யாருகிட்டயும் காசு வாங்குறதில்லன்னு அந்த எடத்தையே விட்டுட்டாக. நாடு பூராவும் சிரிச்சு நாறிப்போச்சு. பாதை தேயுதாமே! நம்மூர்ல போடாத ரோட்டுக்கே பில்லு எழுதுற ஆளுக இதைக் கேட்டா என்ன சொல்வாக? பஞ்சாயத்து போர்டு எந்த நாட்டுல இருந்தாலும் பஞ்சாயத்து போர்டுதான் மாப்ள. நான் அந்த எலெக்சன்ல தோத்ததும் நல்லதுக்குத்தான்.

ஜெயிலுக்குள்ளயும் இது நடக்குது. 2017-ல, வடமேக்கே ஹாவரிக்குன்னு ஒரு எடத்து ஜெயில்ல ஆரம்பிச்சாக. உள்ள இருக்கிறவன் சனிக்கெழமை தவறாம வந்து ஓடுறான். கதவு தொறந்து கெடக்குற நீ வர மாட்டேங்குற. 2018-லருந்து டாக்டருமாரு சங்கமும் இதுல சேந்துக்கிருச்சு. இந்த ஊரு கிளினிக்குல, மாத்திரை எழுதுற டாக்டரே "சனிக்கெழமை பார்க்குக்குப் போயிட்டு வாங்க"ன்னு அனுப்பி வைக்காக. ஒனக்குச் சக்கரை எல்லையில நிக்குதுன்னு எம்மக சொன்னா. ஏன் முழிக்கிற? மாமனுக்குத் தெரியாத ரகசியம் இந்த வீட்டுல எது இருக்கு?

இதைக் கேட்டுட்டு, "ஊருல நீங்க என்னத்த ஓடுறீக"ன்னு கேட்டா எனக்கும் பதில் கெடையாது. காட்டுக்கு நடந்து போன சனமெல்லாம் இப்ப டீக்கடைக்கே வண்டியில போகுது. என் கூட்டாளி ஒருத்தன், எதுத்த வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொல்லக்கூட பைக்கை எடுப்பான். அது வேற கதை.

வெவரத்தைக் கேட்டுக்கோ. ஒரே ஒரு தடவ பேரைப் பதியணும். ஒரு பார்கோடு குடுப்பாக. அதை ரேசன் கார்டு மாதிரி வச்சுக்கோ. ஒரு தடவ வாங்குனா ஆயுசுக்கும் அதான், எந்த நாட்டுக்குப் போனாலும் அதான். அதைக் கொண்டு போகாட்டியும் ஓட விடுவாக, ஆனா கணக்குல நேரம் ஏறாது. எத்தனை பெரிய ஆளா இருந்தாலும் ஏறாது. கடைசியில ஒரு கயித்துச் சந்துக்குள்ள வரிசையா வரணும், அங்க ஒரு சின்ன டோக்கனைக் கையில குடுப்பாக. அடுத்தாப்புல நிக்கிறவரு ஒன் பார்கோடையும் அந்த டோக்கனையும் 'டொய்ங்'குன்னு அடிப்பாரு. அடிச்சதும் டோக்கனை அங்கயே குடுத்துறணும். படிச்ச பயலுகதான் மறந்துபோயிப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிர்றானுகளாம். துணி துவைக்கிற மிசின்ல கெடந்து சுத்துது. அங்க ஒரு நம்பர் கொறைஞ்சா வாலண்டியரு தலையைப் பிச்சுக்கிட்டுத் தேடுறாக.

இருபத்தஞ்சு தடவ போனா ஒரு கலர் சட்டை போட்டுக்கலாம், அம்பதுக்கு ஒரு கலரு, நூறுக்கு ஒரு கலரு. ஓட்டம் இலவசம், அந்தச் சட்டைக்கு மட்டும் காசு. ஒனக்கு அது பிடிக்கும்னு எனக்குத் தெரியும். கடையில வாங்க முடியாத சட்டைன்னா ஒனக்கு ஆசை வரும்ல.

எம்மக மாடியிலருந்து எறங்குற சத்தம் கேக்குது. அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிர்றேன். கோவிச்சுக்காத. நேத்து ராத்திரி நீ தூங்கிக்கிட்டு இருந்தப்ப... அதான் ஒன் கடிகாரம் எண்ணிக்கிட்டு இருந்துச்சே, அப்ப... ஒன் பேரைப் பதிஞ்சாச்சு. பார்கோடும் வந்துருச்சு. அந்தப் பச்சை நாடா பூட்சுக்குள்ளதான் மடிச்சு வச்சிருக்கேன். அதோட, இந்தச் சனிக்கெழமைக்கு ஒரு வேலைக்கு ஆள் கொறையுதுன்னு எம்மகளுக்குச் செய்தி வந்துச்சு. நாந்தான் ஒன் பேரைக் குடுக்கச் சொன்னேன்.

டெயில் வாக்கரு வேலை. கடைசியா வந்துருவோம்னு பயந்தேல்ல? கடைசியாத்தான் வரணும். முந்துனா வேலை போச்சு. அதுலயும், ஓடுன கணக்கும் ஏறும், வாலண்டியர் கணக்கும் ஏறுமாம், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

வாங்க மாப்பிள்ளை, எந்திரிங்க. எம்மக வந்துட்டா. சனிக்கெழமை எட்டரை மணிக்கெல்லாம் அங்க நிக்கணுமாம், அலாரம் வச்சுக்கோங்க. மேல்சட்டையை அங்கயே தருவாக.